முடியாதவரோடு ஒரு குடும்பப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் என்று தெரிந்த பிறகு, எல்லோருமாக நாலு நாள் எங்காவது போய்வரலாம் என்ற ஆசை பல குடும்பங்களில் வருகிறது. கூடவே பயமும் வருகிறது. நோயாளிகளை வீட்டில் போய்ப் பார்க்கும் தன்னார்வலர் என்பதால் இந்தச் சந்தேகங்கள் என் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். மருத்துவ முடிவுகளை உங்கள் டாக்டர்தான் எடுக்க வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

1. இவ்வளவு முடியாதவரை வெளியூர் கூட்டிக்கொண்டு போகலாமா? சொந்தக்காரர்கள் எல்லாம் திட்டுகிறார்கள்.

பெரும்பாலும் போகலாம். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள், இதயம் பலவீனமானவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் எல்லோரும் பயணம் போய்த்தான் வருகிறார்கள். மூன்று விஷயங்களை முதலில் பாருங்கள். நோய் கடந்த சில வாரங்களாக ஓரளவு ஒரே நிலையில் இருக்கிறதா? வலி, மூச்சுத்திணறல், வாந்தி போன்றவை கையில் இருக்கும் மருந்துக்கு அடங்குகின்றனவா? அவருக்கே போக ஆசை இருக்கிறதா?

முதல் இரண்டுக்கும் டாக்டர் பதில் சொல்வார். மூன்றாவதை அவரிடமே கேட்க வேண்டும். நிறைய வீடுகளில் அதை மட்டும் யாரும் கேட்பதில்லை (18-ஐப் பாருங்கள்). திட்டுகிற சொந்தக்காரர்களிடம் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் போகிறோம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அதற்கு மேல் விளக்கம் கொடுக்கத் தேவையில்லை.

2. டாக்டரிடம் கேட்டால் "பார்த்துப் போய்ட்டு வாங்க" என்கிறார். அவ்வளவுதான். வேறு என்ன கேட்பது?

"போகலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். போகும் ஊர், போகும் விதம், நாட்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, குறிப்பாகக் கேளுங்கள்: இந்த நாட்களுக்குள் அவருக்கு என்ன பிரச்சினை வர அதிக வாய்ப்பு? அது வந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? எந்த அறிகுறியைப் பார்த்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்? வலி கூடினால் கூடுதலாகக் கொடுக்க எந்த மருந்து, எவ்வளவு?

அப்புறம், ஒரே பக்கத்தில் நோய்ச் சுருக்கம் எழுதி வாங்குங்கள். நோயின் பெயர், செய்த சிகிச்சை, இப்போது எடுக்கும் மருந்துகள் அளவோடு, ஒவ்வாமை, கடைசி ரத்தப் பரிசோதனை, டாக்டரின் தொலைபேசி எண். மருந்துகளுக்கு வணிகப் பெயரோடு மூலப்பெயரும் (ஜெனரிக் பெயர்) இருக்கட்டும். வேறு ஊரில் அதே மருந்து வேறு பெயரில் விற்கும். பெரிய ஃபைலை அவசரப் பிரிவில் யாரும் உட்கார்ந்து படிக்கமாட்டார்கள். இந்த ஒரு தாளைப் படிப்பார்கள்.

3. சிகிச்சை எல்லாம் முடியட்டும், அப்புறம் போகலாம் என்று நினைக்கிறோம். சரிதானே?

குணமாக்கும் சிகிச்சை, முடியும் தேதியும் தெரியும் என்றால் காத்திருக்கலாம். நோய் முற்றிய நிலையில், சிகிச்சை நோயைக் கட்டுக்குள் வைக்க மட்டும்தான் என்றால், "அப்புறம்" என்று ஒன்று வராமலே போகலாம். இப்போது நடக்க முடிகிறவருக்கு இரண்டு மாதம் கழித்து முடியாமல் போகலாம். அந்த நிலையில் சின்னதாக, சீக்கிரமாக ஒரு பயணம் என்பதுதான் என் கட்சி.

கீமோதெரபி நடந்துகொண்டிருந்தால் ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் நல்ல நாட்கள் உண்டு. பல மருந்துகளில் ஊசி போட்ட 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். தொற்று எளிதாகப் பிடிக்கும் காலம் அது. அடுத்த சுற்றுக்கு முந்தைய வாரம்தான் பலருக்கும் தெம்பான வாரம். உங்கள் மருந்துக்கு எப்படி என்று டாக்டரிடம் கேட்டுத் தேதி வையுங்கள். தெர்மாமீட்டர் கையில் இருக்கட்டும். கீமோ எடுப்பவருக்கு 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) காய்ச்சல் வந்தால் அது அவசரநிலை. பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

4. எவ்வளவு தூரம் போகலாம்? எத்தனை நாள்?

அவர் ஆசைப்படும் இடத்திலிருந்து தொடங்கி, அவர் உடம்பு தாங்கும் நேரத்துக்கு வெட்டிச் சுருக்குங்கள். வீட்டில் ஒரு சாதாரண நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார், எந்த நேரத்தில் தெம்பாக இருக்கிறார் என்று ஒரு வாரம் கவனித்தால் போதும். காலை 10 முதல் 12 வரைதான் அவருக்கு நல்ல நேரம் என்றால், உங்கள் சுற்றுலாவும் அந்த இரண்டு மணி நேரம்தான். மிச்ச நேரம் கூட இருப்பது.

ஒரே இடம், மூன்று அல்லது நான்கு இரவு. நாலு ஊர் பார்க்கும் திட்டத்தில் ஒவ்வொரு நாளும் பெட்டி கட்டுவதிலேயே அவர் களைத்துவிடுவார். போய்ச் சேர்ந்த மறுநாளும் திரும்பிவந்த மறுநாளும் ஒன்றுமே வைத்துக்கொள்ள வேண்டாம். முதல் முறை என்றால் பக்கத்திலேயே ஓர் இரவு தங்கி வெள்ளோட்டம் பாருங்கள். எந்தத் தலையணை இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

இடம் என்றவுடன் மலையா கடலா என்ற விவாதம் வரும். 2,500 மீட்டருக்கு மேல் உயரம் நல்ல உடம்புக்காரர்களையே படுத்தும். நுரையீரல், இதய நோய் உள்ளவர்களுக்கு அதற்குக் கீழேயும் சிரமம் வரலாம், கேட்டுக்கொண்டு போங்கள். கடும் வெயிலும் ஆகாது. நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு உடல் சீக்கிரம் வறண்டுவிடும். சில கீமோ மருந்துகளில் தோல் வெயிலுக்கு வெந்து போகும்.

5. விமானம், ரயில், கார். எது நல்லது?

நடுவழியில் நிறுத்தலாம், சாய்ந்து படுக்கலாம், திரும்பியும் வந்துவிடலாம் என்பதால் கார்தான் பலருக்கு நிம்மதி. ஆனால் குலுங்கும் சாலை எலும்பில் புற்றுநோய் பரவியவருக்கு நரகம். அவர்களுக்குப் படுத்துக்கொண்டே போகும் ரயில் நல்லது. தூரம் அதிகமென்றால் 20 மணி நேரச் சாலையைவிட 2 மணி நேர விமானம் மேல்.

எதில் போனாலும் 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. புற்றுநோய், சமீபத்திய அறுவைசிகிச்சை, கால் அசையாமை இருந்தால் இன்னும் அதிகம். மணிக்கொரு முறை எழுந்து நடப்பது, முடியாதவர் கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது, தண்ணீர் குடிப்பது (அளவுக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் மட்டும்) உதவும். இறுக்கமான காலுறையோ ரத்தம் உறையாமல் இருக்க ஊசியோ தேவையா என்று டாக்டர் சொல்ல வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சுத் திணறினால், நேராக மருத்துவமனை.

6. யார் விமானத்தில் போகவே கூடாது?

விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையும். நல்ல நுரையீரல் அதைச் சமாளிக்கும், பழுதான நுரையீரலும் கடும் ரத்தசோகையும் சமாளிக்காது. இரண்டு, உடம்புக்குள் அடைபட்ட வாயு ஏறக்குறைய 30 சதவீதம் விரியும்.

ஆகவே நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து தேங்கியிருப்பவர்கள் பறக்கக் கூடாது. சரியாகிவிட்டது என்று எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகும் பொதுவாக 7 நாளாவது பொறுக்கச் சொல்வார்கள். வயிற்றைத் திறந்து செய்த அறுவைசிகிச்சைக்குச் சுமார் 10 நாள், துளையிட்டுச் செய்ததற்கு 4, 5 நாள் இடைவெளி கேட்பார்கள். சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், மூளை அறுவைசிகிச்சை ஆனவர்கள், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குபவர்கள் டாக்டரின் எழுத்து இல்லாமல் டிக்கெட் போட வேண்டாம்.

விமான நிறுவனங்களிடம் இதற்கென்றே மெடிஃப் என்ற மருத்துவப் படிவம் உண்டு. உங்கள் டாக்டர் நிரப்பித் தர, நிறுவனத்தின் மருத்துவக் குழு பார்த்துச் சம்மதம் சொல்லும். பயணத்துக்கு 2, 3 நாள் முன்பாவது கொடுக்க வேண்டியிருக்கும். நோயைச் சொன்னால் ஏற்றமாட்டார்கள் என்று மறைப்பவர்கள் உண்டு. பார்த்தாலே முடியாதவர் என்று தெரிந்தால் வாசலிலேயே நிறுத்தும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. அங்கே நின்று கெஞ்சுவதைவிட முன்பே சொல்வது மேல்.

7. அப்பாவுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். வீட்டு சிலிண்டரை எடுத்துப் போகலாமா?

விமானத்தில் பெரும்பாலும் முடியாது. கையடக்க ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரை (காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கருவி), அந்த மாடலை நிறுவனம் அனுமதித்திருந்தால் கொண்டுபோகலாம். பறக்கும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு பேட்டரி இருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கும். உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-மணிக்கு மேல் என்றால் முன்அனுமதி வேண்டும்.

வீட்டில் ஆக்ஸிஜன் வைக்காதவருக்கும் விமானத்தில் தேவைப்படலாம். குறைந்த ஆக்ஸிஜன் உள்ள காற்றைச் சிறிது நேரம் சுவாசிக்க வைத்து, அளவு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் பரிசோதனை பெரிய நுரையீரல் மருத்துவமனைகளில் உண்டு. போய்ச் சேரும் ஊரில் ஆக்ஸிஜனுக்கும், மின்சாரம் போனால் மாற்றுக்கும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

8. வீல்சேர் கேட்டால் நடக்கவே முடியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ?

நினைத்தால் நினைக்கட்டும். விமான நிலையங்களில் மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: படி ஏறுவார், நீண்ட தூரம் நடக்கமாட்டார். படி ஏறமாட்டார், இருக்கை வரை நடப்பார். இருக்கை வரைக்கும் தூக்கிப்போக வேண்டும். உங்களுக்கு எது என்று 48 மணி நேரம் முன்பே சொல்லுங்கள். நடக்கத் தெம்பு உள்ளவரும் உட்கார்ந்தே போகட்டும். அந்தத் தெம்பு போன இடத்தில் தேவைப்படும்.

9. மருந்துகளை எப்படி எடுத்துப் போவது?

கைப்பையில். பெட்டியில் போட்டு அனுப்பினால் பெட்டி தொலையலாம். இன்சுலின் விமானத்தின் அடித்தட்டில் உறைந்து போகலாம், உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். நாட்களுக்கான அளவோடு ஒரு வாரத்துக்கு அதிகமாக வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இரண்டாகப் பிரித்து இரண்டு பேர் பையில் வையுங்கள். அசல் அட்டை, பெட்டியோடு இருக்கட்டும். விமானத்தில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதியில் மருந்துக்கு விலக்கு உண்டு, சீட்டைக் காட்ட வேண்டியிருக்கும்.

மலம் சேர வயிற்றில் பை பொருத்தியவர்கள் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு பைகள் கொண்டுபோங்கள். வாயு விரிவதைப் பற்றி 6-இல் சொன்னது பைக்கும் பொருந்தும். பையின் துளையை வீட்டிலேயே வெட்டி வைத்துவிட்டால் கத்தரிக்கோல் தொல்லை இல்லை. ரேடியோ அயோடின் சிகிச்சை எடுத்தவர்கள் சில வாரங்களுக்கு விமான நிலையக் கதிர்வீச்சுக் கருவிகளைக் கூவ வைக்கலாம். மருத்துவமனை தந்த அட்டை கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

10. அம்மா மார்ஃபின் எடுக்கிறார். வெளிநாட்டில் பிடித்துக்கொள்வார்களா?

ஆவணம் இருந்தால் பயமில்லை, ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சட்டம். மார்ஃபின், ஃபென்டனில், ஆக்ஸிகோடோன் எல்லாம் கட்டுப்பாட்டு மருந்துகள். சில நாடுகளில் டிரமடாலும் கோடீனும் கூட அப்படித்தான். ஜப்பானுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் இவற்றில் பலவற்றைக் கொண்டுபோக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பயணிகளுக்கான விதிகள் நாடுவாரியாக இருக்கின்றன. பிறகு அந்த நாட்டின் தூதரகத்திலும் கேட்டு உறுதிசெய்யுங்கள். நடுவில் விமானம் மாறும் நாட்டையும் மறக்க வேண்டாம். நோயாளியின் பெயர், மருந்தின் மூலப்பெயர், ஒரு நாள் அளவு, மொத்த அளவு, காரணம் ஆகியவை டாக்டர் கடிதத்தில் இருக்க வேண்டும்.

ஃபென்டனில் ஒட்டுப்பட்டை போடுபவர்களுக்கு முக்கியமான ஒன்று. சூடு பட்டால் பட்டையிலிருந்து மருந்து வேகமாக உடம்பில் இறங்கும். வெந்நீர்த் தொட்டி, சூட்டுப் பை, நேரடி வெயில், ஏன், கடும் காய்ச்சல் கூட ஆபத்து. விடுமுறையில் சுடுநீர்க் குளியல் சுகமாகத் தோன்றும். வேண்டாம். எழுப்ப முடியாத தூக்கம், மெதுவான மூச்சு தெரிந்தால் பட்டையை எடுத்துவிட்டு உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

11. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். எங்கே போவது?

போகும் ஊரில் ஒரு மையம் கிடைத்தால் போகலாம். ஊரைப் பிறகு முடிவு செய்யுங்கள், மையத்தை முதலில் பிடியுங்கள். வெளியாளுக்கு இடம் ஒதுக்கச் சில வாரங்கள் முன்பே கேட்க வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி பரிசோதனை முடிவுகள், டயாலிசிஸ் குறிப்பு, உலர் எடை (கூடுதல் நீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை), கடைசி ரத்தப் பரிசோதனை எல்லாம் கேட்பார்கள். டயாலிசிஸ் இல்லாத இரண்டு நாள் இடைவெளியில் போய்வரும் குட்டிப் பயணமும் நல்ல வழிதான்.

"ஒரு முறை விட்டால் என்ன?" என்று யாராவது ஆரம்பித்தால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பொட்டாசியம் ஏறினால் இதயம் நிற்கலாம். வீட்டில் வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்பவர்களுக்குச் சுதந்திரம் அதிகம். திரவப் பைகளைத் தங்கும் இடத்துக்கே அனுப்பச் சொல்லி விற்பனை நிறுவனத்திடம் முன்கூட்டியே பேசலாம்.

12. தங்கும் இடத்தில் என்ன பார்க்க வேண்டும்?

குளியலறை. மற்றதெல்லாம் அப்புறம். படி இல்லாத குளியலிடம், பிடிமானக் கம்பி, உட்காரும் உயரத்தில் கழிப்பறை, வீல்சேர் நுழையும் கதவு (80 சென்டிமீட்டர் இருந்தால் நிம்மதி). "வசதி இருக்கிறது" என்ற வாய்வார்த்தையை நம்பாமல் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். லிஃப்ட் இருக்கிறதா, லிஃப்டுக்கு முன்னால் நாலு படி இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த நாலு படியை யாரும் தாமாகச் சொல்வதில்லை.

கட்டில் உயரமும் முக்கியம், ரொம்பத் தாழ்வாக இருந்தால் எழ முடியாது. அவருடைய அறை எல்லோரும் கூடும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தால் நல்லது. படுத்திருந்தாலும் பேச்சும் சிரிப்பும் காதில் விழும், வேண்டுமென்றால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். பக்கத்து மருத்துவமனை எது, அவசரப் பிரிவு இரவிலும் உண்டா என்று கிளம்பும் முன் பார்த்து வையுங்கள்.

13. ஒரு நாளை எப்படித் திட்டமிடுவது? எல்லோரையும் திருப்திப்படுத்த முடியவில்லை.

4-இல் சொன்ன அந்த நல்ல நேரத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு காரியம். மற்ற நேரத்தில் தெம்புள்ளவர்கள் வெளியே போகட்டும், ஒருவர் மட்டும் முறை வைத்து அவரோடு இருக்கட்டும். "எனக்காக நீங்கள் எல்லாம் அடைந்து கிடக்கிறீர்களே" என்ற எண்ணம் நோயாளியை மிகவும் வருத்தும். அவரே "போய்ட்டு வாங்க" என்று சொன்னால் நம்பிப் போங்கள்.

காலையில் எழுந்ததும் "இன்னைக்கு எப்படி?" என்ற ஒரு கேள்விக்கு அவர் பத்துக்கு ஒரு எண் சொல்லட்டும். எட்டு என்றால் வெளியே, மூன்று என்றால் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவது. எண்ணைச் சொன்ன பிறகு சமாதானமோ வற்புறுத்தலோ கூடாது. பணம் கட்டிவிட்டோமே என்று இழுத்துக்கொண்டு போன நாட்கள் நல்லபடியாக முடிந்து நான் கேட்டதில்லை.

14. மறதிநோய் உள்ளவரைக் கூட்டிப் போனால் குழம்பிவிடுவாரா?

பெரும்பாலும் குழம்புவார், குறிப்பாக இரவில். கழிப்பறைக்குப் போகும் வழியில் சின்ன விளக்கு, வீட்டுப் போர்வை, வழக்கமான நேரத்தில் சாப்பாடு, தூக்கம் ஆகியவை உதவும். சட்டைப் பையில் பெயரும் உங்கள் எண்ணும் எழுதிய அட்டை வையுங்கள். கதவுக்குப் பக்கத்தில் நீங்கள் படுங்கள்.

15. பயணக் காப்பீடு எடுத்தால் எல்லாம் பார்த்துக்கொள்வார்களா?

எடுத்த பாலிசியின் சின்ன எழுத்தைப் பொறுத்தது. ஏற்கெனவே உள்ள நோயைச் சாதாரணப் பயணக் காப்பீடு பலவும் ஏற்காது. சில, கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்கும். நோயைச் சொல்லாமல் எடுத்தால் பணம் கட்டியும் பிரயோஜனமில்லை. டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் போனால், சிகிச்சைக்காகவே பயணம் போனால், குணமாகாது என்று கணிக்கப்பட்ட நோய் இருந்தால் பல பாலிசிகள் கைவிரித்துவிடும்.

எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: இந்த நோயால் வரும் அவசரச் சிகிச்சை உண்டா, மருத்துவ உதவியோடு ஊர் திரும்பும் செலவு உண்டா, இறந்தால் உடலைக் கொண்டுவரும் செலவு உண்டா, நோயாளிக்கு முடியாமல் போய் மொத்தக் குடும்பமும் ரத்து செய்தால் எல்லோருடைய டிக்கெட்டுக்கும் பணம் வருமா. கடைசிக் கேள்விதான் நடைமுறையில் அதிகம் தேவைப்படும். வெளிநாட்டிலிருந்து ஏர் ஆம்புலன்ஸில் கொண்டுவருவது ஒரு குடும்பத்தின் சேமிப்பையே துடைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

16. பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

அவர்கள் வயதுக்குப் புரியும்படி உண்மையை. "தாத்தாவுக்குப் பெரிய நோய். சீக்கிரம் களைத்துவிடுவார். தூங்கும்போது எழுப்பக் கூடாது. நீ ஓடி விளையாடலாம்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நாள் முழுக்க "சத்தம் போடாதே" என்று அதட்டினால் நோயாளிக்கும் சங்கடம், பிள்ளைக்கும் கசப்பு. தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, வீல்சேரின் பிரேக்கைப் போடுவது என்று ஒரு சின்ன வேலை கொடுத்தால் பெருமையாகச் செய்வார்கள்.

சளி, காய்ச்சல், அம்மை உள்ள பிள்ளையை, கீமோ எடுப்பவரோடு ஒரே அறையில் வைக்க வேண்டாம். பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

17. பார்த்துக்கொள்வது முழுக்க நான்தான். எனக்கு இது விடுமுறையே இல்லை. அப்படி நினைப்பது தப்பா?

தப்பில்லை, உண்மை அதுதான். வீட்டில் செய்யும் அதே வேலையை வசதி குறைந்த இடத்தில் போய்ச் செய்கிறீர்கள். அதனால் கிளம்பும் முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். "உதவி வேண்டுமென்றால் சொல்" என்று தம்பி சொல்வது உதவியில்லை. "ராத்திரி மருந்து என் பொறுப்பு, நீ தூங்கு" என்பதுதான் உதவி. மருந்து அட்டவணையை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் உங்களைத் தவிர இன்னொருவரும் கொடுக்க முடியும். தூக்குவது, குளிப்பாட்டுவது போன்றவற்றை அவர்களுக்கு வீட்டிலேயே ஒரு முறை செய்துகாட்டுங்கள். வசதி இருந்தால் ஒரு நர்ஸையோ உதவியாளரையோ கூட்டிப் போகலாம். அதை ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம்.

18. எங்களுக்குத்தான் ஆசை. அவர் "வேண்டாம்" என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

முதலில், ஏன் வேண்டாம் என்று கேளுங்கள். நடுவழியில் அடக்க முடியாமல் போய்விடுமோ, முடி கொட்டிய தலையை யாராவது பார்ப்பார்களோ, உங்களுக்குச் செலவாகுமே என்ற கவலைகள்தான் பலருக்கு. அவற்றுக்கு வழி உண்டு. வலிக்குப் பயந்து மறுக்கிறார் என்றால் அது டாக்டரிடம் போக வேண்டிய விஷயம்.

எல்லாம் கேட்ட பிறகும் "என் வீடு, என் கட்டில் போதும்" என்றால் விட்டுவிடுங்கள். அவருக்கு எஞ்சியிருக்கும் தெம்பை எதில் செலவழிப்பது என்பது அவர் முடிவு. அவரை வைத்து உங்கள் மனக்குறையைத் தீர்த்துக்கொள்ளப் பார்க்கிறீர்களா என்றும் ஒரு முறை யோசியுங்கள். கேட்கக் கஷ்டமாக இருக்கும், தெரியும்.

19. நோய் இவ்வளவு முற்றியது அவருக்குத் தெரியாது. திடீரென்று எல்லோரும் சேர்ந்து கிளம்பினால் கண்டுபிடித்துவிடுவாரே?

பெரும்பாலும் ஏற்கெனவே கண்டுபிடித்திருப்பார். தன் உடம்பு தனக்குத் தெரியாதா? நீங்கள் அழக் கூடாது என்று அவரும், அவர் பயப்படக் கூடாது என்று நீங்களும் நடித்துக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. மெடிஃப் படிவம், காப்பீடு, மருந்துக் கடிதம் எல்லாவற்றிலும் நோயின் பெயர் இருக்கும். விமான நிலையத்தில் யாரோ ஒரு ஊழியர் வாயிலிருந்து அவர் அதைத் தெரிந்துகொள்வது மிகக் கொடுமை.

"உங்கள் உடம்பைப் பற்றி டாக்டர் சொன்னதில் உங்களுக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்க விரும்பினால் டாக்டரையோ நோய்த்தணிப்புப் பராமரிப்புக் குழுவையோ வைத்துப் பேசுங்கள். "எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்" என்றால் அதையும் மதியுங்கள். எப்படியானாலும் இதைக் கடைசிப் பயணம் என்று யாரும் பெயர் வைக்க வேண்டாம். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் விடைகொடுக்கும் முகத்தோடு உட்கார்ந்தால் அவருக்கு மூச்சு முட்டும். வழக்கமான சண்டை, கேலி எல்லாம் இருக்கட்டும்.

20. போட்டோ எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

மெலிந்த முகம் நினைவாக நிற்பதை அவர் விரும்பாமல் இருக்கலாம். கைகளை எடுங்கள், பேரப்பிள்ளையோடு நடக்கும் முதுகை எடுங்கள், அல்லது குரலை மட்டும் பதிவு செய்யுங்கள், அவருக்குச் சொல்லிவிட்டு. குடும்பக் குழுவில் போடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். கேட்காமல் போட்ட ஒரு படத்தால் பயணமே கெட்ட கதைகள் உண்டு.

21. படுத்த படுக்கையாக இருக்கிறார். இனி எங்கே போவது என்று விட்டுவிட வேண்டியதுதானா?

ஒரு மணி நேரத்துக்கும் போகலாம். நெதர்லாந்தில் கீஸ் வெல்ட்போர் என்ற முன்னாள் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் 2007இல் தொடங்கிய அமைப்பு ஒன்று, நோய் முற்றியவர்களைப் படுக்கையோடு ஆம்புலன்ஸில் ஏற்றி அவர்கள் ஆசைப்பட்ட இடத்துக்குக் கூட்டிப்போகிறது. கூடவே நர்ஸ் இருப்பார். 2015இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் ரெம்பிராண்ட் ஓவியத்துக்கு முன் ஒரு நோயாளி ஸ்ட்ரெச்சரில் இருந்தபடி பார்க்கும் படம் உலகமெங்கும் சுற்றியது. இதைப் போன்ற அமைப்புகள் இப்போது வேறு பல நாடுகளிலும் உண்டு.

அமைப்பு இல்லாத ஊரிலும் அந்த யோசனையைக் கடன் வாங்கலாம். கடலோ, பழைய வீடோ, வேலை பார்த்த இடமோ, ஒரு ஆம்புலன்ஸும் நர்ஸும் இரண்டு மணி நேரமும் போதும். கிளம்பும் முன் வலி மருந்தைக் கொடுத்துவிடுவது, டயப்பர், உறிஞ்சும் விரிப்பு, வாந்திப் பை ஆகியவற்றை நர்ஸிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

22. போன இடத்திலேயே ஏதாவது ஆகிவிட்டால்?

இறந்துவிட்டால் என்றுதான் கேட்கிறீர்கள். அதையும் பேசி வைக்கத்தான் வேண்டும். செயற்கைச் சுவாசம், மார்பை அழுத்தி உயிர்ப்பிப்பது போன்றவை வேண்டாம் என்று அவர் முடிவு செய்திருந்தால், அது எழுத்தில் உங்கள் கையில் இருக்க வேண்டும். வேறு ஊர் டாக்டருக்கு உங்கள் வாய்மொழி போதாது. வேறு நாட்டில் அந்தக் காகிதம் செல்லுமா என்பதும் தனிக் கேள்வி, அதையும் விசாரியுங்கள்.

உள்நாடு என்றால் இறப்பை உறுதிசெய்யும் டாக்டரின் சான்று முதல் தேவை. 2-இல் சொன்ன நோய்ச் சுருக்கம் இருந்தால், எதிர்பாராத மரணமா என்ற விசாரணை குறையும். வெளிநாடு என்றால் உங்கள் நாட்டுத் தூதரகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே சொல்ல வேண்டும். உடலைக் கொண்டுவர இறப்புச் சான்றிதழ், பதப்படுத்திய சான்றிதழ், தூதரகத்தின் அனுமதி எல்லாம் சேர நாட்கள் ஆகலாம். அங்கேயே தகனம் செய்து அஸ்தியைக் கொண்டுவருவது பல நாடுகளில் எளிது. எக்ஸ்ரே ஊடுருவும் மரம் அல்லது பிளாஸ்டிக் கலனில், சான்றிதழ்களோடு கைப்பையில் வைக்கப் பல விமான நிறுவனங்கள் விடும். எதை அவர் விரும்புவார் என்று முன்பே கேட்டுவிட்டால், அந்த நேரத்தில் அண்ணன் தம்பிக்குள் தகராறு வராது.

23. போய்வந்த பிறகு ரொம்ப மோசமாகிவிட்டார். நாங்கள் கூட்டிப்போனதுதான் காரணமா?

பயணக் களைப்பு சில நாள் இருக்கும், ஓய்வில் சரியாகும். காய்ச்சல், கால் வீக்கம், புதிய மூச்சுத்திணறல், குழப்பம் இருந்தால் பயணத்தின்மேல் பழி போட்டுக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் காட்டுங்கள், சிகிச்சை தேவைப்படும் காரணம் இருக்கலாம். மற்றபடி, முற்றிய நோய் வீட்டில் இருந்தாலும் அதே மாதத்தில் இதே இடத்துக்குத்தான் வந்திருக்கும் என்பதே பெரும்பாலான நேரம் உண்மை. உறுத்தல் போகவில்லை என்றால் டாக்டரிடமே நேராகக் கேட்டுவிடுங்கள். மனதுக்குள் வைத்துப் புழுங்குவதைவிட அது நல்லது.

24. எல்லாம் பதிவு செய்தாகிவிட்டது. இரண்டு நாள் முன்னால் டாக்டர் "இப்போது வேண்டாம்" என்கிறார். என்ன செய்வது?

போகாதீர்கள். "இப்போது" என்றால் எத்தனை நாள் என்று கேளுங்கள். தொற்றுக்கு மருந்து முடியும் வரையா, இனி எப்போதுமேயா? அதைப் பொறுத்துத் தேதியை மாற்றுவதா ரத்து செய்வதா என்று முடிவெடுக்கலாம். டாக்டர் கடிதம் வாங்கி அன்றே காப்பீட்டுக்கும் விமான நிறுவனத்துக்கும் தங்கும் இடத்துக்கும் அனுப்புங்கள். விதிப்படி பணம் தர வேண்டியதில்லாத இடங்களும் கடிதத்தைப் பார்த்துவிட்டுத் தேதி மாற்றிக் கொடுப்பது உண்டு. ஆரம்பத்திலேயே ரத்து செய்யக்கூடிய டிக்கெட்டாகப் பார்த்து எடுப்பது இதற்காகத்தான், கொஞ்சம் விலை கூடினாலும்.

வெளியூரிலிருந்து வரவிருந்தவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். விடுப்பு எடுத்தது எடுத்ததுதானே. அந்த நாலு நாளும் அவர் வீட்டிலேயே வந்து தங்கட்டும். 13-இல் சொன்ன முறை, 17-இல் சொன்ன வேலைப் பிரிவினை இரண்டும் அங்கேயும் அப்படியே பொருந்தும்.